அவரிடம் சொல்லலாமா, அக்கா?

கேள்வி: எனக்கு வயது 28, ஐ.டி. வேலை, தன்பாலீர்ப்பாளன். எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. கூட்டு மருந்து மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை, கடைசி இரண்டு வைரல் லோடு டெஸ்ட்டிலும் வைரஸ் தென்படவில்லை என்றே வந்தது. நம்பிச் சொன்ன நண்பன் ஒருவன் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். 'யாரிடம் வாங்கினான், யாருக்கெல்லாம் கொடுத்தான்' என்று எங்கள் ஆட்களே பேசுகிறார்கள். இப்போது ஒருவரை விரும்புகிறேன். நான்கு மாதப் பழக்கம், உறவு வரை இன்னும் போகவில்லை. சொன்னால் விட்டுப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: சொல்லிவிடுங்கள் தம்பி. நெருக்கம் வருவதற்கு முன்பே, இரண்டு பேரும் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒரு சாயங்காலத்தில் சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதீர்கள், ஏனென்றால் இந்த மாத்திரையை இப்படியே விடாமல் சாப்பிடும்வரை உறவின் மூலம் உங்களிடமிருந்து அவருக்கு எச்.ஐ.வி. தொற்றாது.

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் பாசிட்டிவ், ஒருவர் நெகட்டிவ் என்றிருந்த 782 ஆண் ஜோடிகளை ஐரோப்பாவில் ஆராய்ந்து 2019-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பாசிட்டிவாக இருந்தவர்கள் எல்லோரும் மருந்தால் வைரஸை அடக்கி வைத்திருந்தவர்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு, துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை. 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது உண்மைதான், ஆனால் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அத்தனையும் வேறு ஆட்களிடமிருந்து வந்தவை. (மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறைதான் காப்பு, அதை விட்டுவிடாதீர்கள்.)

தொற்றாது என்றால் எதற்குச் சொல்வது என்று கேட்பீர்கள். அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் எவனோ சொல்லி அவருக்குத் தெரிவதைவிட, உங்கள் வாயால் தெரியட்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டமும் தொற்று பரவாமல் தடுக்க வேண்டிய பொறுப்பை நம்மிடம் கொடுத்திருக்கிறது, உறவுக்கு முன் சொல்வதை அதற்கான வழிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அதே சட்டம்தான், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்கிறது. ஆகவே மேனேஜருக்கோ, ஹவுஸ் ஓனருக்கோ, அந்தக் குரூப்புக்கோ நீங்கள் எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை.

யார் கொடுத்தது என்று தோண்டும் அந்த நண்பர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. மருந்து சாப்பிட்டு வைரஸை அடக்கி வைத்திருப்பவரிடமிருந்து உறவின் மூலம் யாருக்கும் தொற்றுவதில்லை. டெஸ்ட்டே எடுக்காமல் தனக்கு இருப்பது தெரியாமலோ, தெரிந்தும் மருந்து சாப்பிடாமலோ இருப்பவரிடமிருந்துதான் பெரும்பாலும் தொற்றுகிறது. உங்கள் பெயரை இழுத்துப் போட்டதைப் பார்த்த எத்தனை பேர் இனி எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்துப் பக்கம் போகத் துணிவார்கள்?

அவர் கொஞ்ச நாள் தள்ளிப் போகலாம், போனால் போகட்டும், விரட்டாதீர்கள். கேள்வி கேட்டால் உங்களுக்கு எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கே கூட்டிப் போங்கள், அங்குள்ள ஆலோசகர் அவருக்கும் விளக்குவார்.

கேள்வி: என் நண்பருடன் உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. தான் பாசிட்டிவ் என்றும் இப்போதுதான் மருந்து ஆரம்பித்திருப்பதாகவும் அன்றிரவே சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய?
- மதுரை வாசகர்

பதில்: உங்களுக்கு அன்றே போனில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மருந்தை இப்போதுதான் ஆரம்பித்தவருக்கு வைரஸ் இன்னும் அடங்காமல் இருக்கலாம், அதனால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஏ.ஆர்.டி. மையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ ஓடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. அவர்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும், முன்பே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அன்றிரவே வாய் திறந்தாரே, அதனால்தான் உங்களால் மறுநாள் காலையிலேயே முதல் மாத்திரையைப் போட முடிந்தது.