குடலின் குருத்தணுக்கள் அளவு மீறிப் பெருகாமல் இருப்பது எப்படி?

குடலின் உட்சுவர் நாலைந்து நாளில் முழுதும் புதிதாகிவிடுகிறது என்றால், "போதும்" என்று செல்களுக்கு யார் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்தவரை, முதன்மையான கட்டுப்பாடு இடநெருக்கடிதான்.

எலியின் சிறுகுடல் வெட்டுத்துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில் சிறு குழிகள் தெரியும். குழியின் அடித்தளத்தில் பருத்த பேனெத் செல்கள், உள்ளே மணிமணியாகத் துகள்களுடன் உட்கார்ந்திருக்கும். அவற்றின் இடுக்குகளில் நசுங்கி நிற்கும் ஒல்லியான செல்கள்தான் குருத்தணுக்கள், அதாவது குடலுக்குப் புதுச் செல்களைத் தந்துகொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள். ஒரு குழிக்கு ஏறக்குறைய 15. பெரும்பாலும் நாளுக்கொரு முறை இரண்டாகப் பிரியும். நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் எல்ஜிஆர்5 என்ற மரபணுவை அடையாளமாகக் கொண்டு 2007இல் இவற்றை இனங்கண்டனர்.

குருத்தணுவாக நீடிக்க வின்ட் என்ற புரதம் வேண்டும். பேனெத் செல்களும் குழியைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் அதைத் தருகின்றன. அது தொலைவுக்குப் பரவாது. ஒரு செல் இரண்டானதும் நெரிசலில் ஏதோ ஒன்று மேலே தள்ளப்படும். மேலே வின்ட் குறைவு, பிஎம்பி என்ற எதிர்ச் சமிக்ஞை அதிகம். அங்கே போன செல் சில முறை பிரிந்து, முதிர்ந்து, உறிஞ்சியின் நுனியில் உதிர்ந்துவிடும்.

யார் தங்குவது, யார் வெளியேறுவது? 2010இல் அதே குழுவினர் குருத்தணுக்களுக்குப் பல நிறங்கள் ஏற்றிப் பார்த்தனர். பல நிறமாக இருந்த குழிகள் சில மாதங்களில் ஒரே நிறமாகின. கணக்கிட்டால், எல்லாச் செல்களும் சம வலிமை உள்ளவை. ஒன்றின் வழித்தோன்றல்கள் குழியைப் பிடித்தது தற்செயல். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். இடம்தான் முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று: கதிர்வீச்சில் குருத்தணுக்கள் அழிந்தால், முதிர்ச்சியை நோக்கிப் புறப்பட்ட செல்களே காலியான இடத்துக்குத் திரும்பி மீண்டும் குருத்தணுக்களாகின்றன.

இடத்தைத் தவிர, செல்லுக்குள்ளேயே தடைகளும் உண்டு. ஆர்என்எஃப்43 என்ற புரதம் வின்ட்டை வாங்கும் ஏற்பிகளைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து அகற்றுகிறது. ஏபிசி என்ற புரதம் உள்ளே சமிக்ஞையை அடக்குகிறது. ஏபிசி மரபணுவின் இரு பிரதிகளும் கெட்டுவிட்டால், வின்ட் இல்லாமலேயே அந்தச் செல் பெருகும். எங்கே தள்ளினாலும் நிற்காது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. பிறவியிலேயே ஒரு பிரதி பழுதாக உள்ளவர்களுக்கு இளவயதிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் கட்டிகள் முளைக்கும். ஆகவே அத்தகைய குடும்பங்களில் பத்து வயதைத் தாண்டியதுமே குழந்தைகளுக்குக் குடல் உள்நோக்கிப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.