கழுவி விற்கச் சொல்லுங்கள், பூசி விற்க வேண்டாம்

வீராம்பட்டினத்துத் தம்பிக்கு வணக்கம்.

கேள்வி நீளமாக இருந்தது. மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று சுருக்கிச் சொல்கிறேன். கல்யாணமாகி, குடும்ப விசாவில் லா ரோஷெல் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். ஊரில் கரையேற்றி வைத்துவிட்டு வந்த ஃபைபர் படகை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். உங்கள் தம்பி, ‘ரெண்டு கோட்டு பெயிண்ட் அடித்தால் புதுசாகிவிடும், நல்ல விலை போகும்’ என்கிறார். இங்கே உறவுக்காரர் ஒருவர், பழைய உல்லாசப் படகுகளைச் சுத்தம் செய்து விற்பனைக்குத் தயார் பண்ணும் பட்டறையில் உங்களைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சேரலாமா என்று கேட்கிறீர்கள். அப்புறம் வாடகை, பிரெஞ்சு வகுப்பு, குளிர், அரிசி.

பின்னால் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். அரிசி எங்கேயும் கிடைக்கும். குளிர் பழகும். வகுப்பு பற்றி ஓஃபி என்கிற குடிவரவு அலுவலகத்தில் கூப்பிடும்போதே கேளுங்கள், கிடைக்கிற வகுப்பில் ஒன்றைக்கூட விடாதீர்கள். வாடகை விஷயம் உங்கள் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவர் இங்கே வளர்ந்தவர். நான் எழுத உட்கார்ந்தது படகு விஷயத்துக்காகத்தான்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். மனைவி வீட்டார் வைத்திக்குப்பம். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம், அந்த வழியில்தான் நானும் இங்கே வந்தேன். வருவதற்கு முன் கடலூர் முதுநகர் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை பார்த்தேன். 2004 சுனாமியில் கட்டுமரங்கள் போய், கரையெங்கும் ஃபைபர் படகு வந்து இறங்கிய காலம் அது. நிவாரணப் படகு உடனே வேண்டும் என்று எல்லோரும் நின்றதால் ஊருக்கு ஊர் பட்டறை முளைத்தது. மேட் என்கிற கண்ணாடி இழைப் பாய் எத்தனை அடுக்கு போட்டார்கள், அதை இறுக்கும் பசையான ரெசின் ஒழுங்காக ஊறியதா என்று பார்க்க ஆளில்லை. அந்த அவசரத்தில் கட்டிய படகுகள் சில வருடங்களிலேயே பக்கவாட்டில் வெடித்து எங்கள் பட்டறைக்கு வந்தன. மேல் பெயிண்ட் மட்டும் அழகாக இருக்கும். அதனால்தான் உங்கள் தம்பி சொன்னதைப் படித்ததும் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

வாங்க வருகிறவர் யார் என்று யோசியுங்கள். நல்லவாட்டிலிருந்தோ தாழங்குடாவிலிருந்தோ வருவார். நடக்கப் பழகிய நாளிலிருந்து படகில் நிற்கிறவர். புதுப் பெயிண்டைப் பார்த்ததும் ‘எங்கே அடி வாங்கியது?’ என்றுதான் முதலில் கேட்பார். நீங்கள் இல்லை என்று சொன்னாலும் அவர் மனசில் ஒரு தொகையைக் கழித்துவிடுவார். பெயிண்ட் செலவும் போச்சு, விலையும் போச்சு.

தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள். வலை, கயிறு, ஐஸ் பெட்டி, பழைய கேன் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் படகைக் காலியாக்கட்டும். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தூக்கி முட்டுக் கொடுத்தால் அடியில் தேங்கிய தண்ணீர் முழுக்கப் பின்பக்கம் வடிந்துவிடும். நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். கடல் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்புப் பூத்து மறுபடி மங்கும். மீன் வாடைக்குச் சோப்புத்தூளும் பிரஷும் போதும், ஆனால் பலகைத் தட்டுக்கு அடியில், கை நுழையாத இடத்தில் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கும். அங்கே கழுவாமல் வேறு எங்கே கழுவியும் பிரயோஜனமில்லை.

சிப்பி ஒட்டியிருந்தால் இரும்பால் சுரண்டக் கூடாது, ஜெல்கோட் என்கிற மேல் பளபளப்புப் பூச்சு கீறிவிடும். மரச் செதுக்கியோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ போதும். கரையேற்றிய அன்றே சுரண்டியிருந்தால் சுலபமாக வந்திருக்கும், காய்ந்துவிட்டால் ஓடு போனாலும் அடித்தட்டு வெள்ளை வட்டமாக ஒட்டி நிற்கும். அது சுண்ணாம்பு. தண்ணீர் கலந்த ஆசிட்டைத் தொட்டுத் தடவினால் பொங்கிக் கரையும், உடனே கழுவிவிட வேண்டும். நீர்மட்டக் கோட்டில் இருக்கும் மஞ்சள் கறைக்கும் போல்ட்டைச் சுற்றி வழிந்த துருவுக்கும் ஆக்சாலிக் ஆசிட் தூளைக் கரைத்துப் பூசி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கழுவிய தண்ணீர் ஆற்றில் இறங்காத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். ஆலைக் கழிவால் எங்கள் உப்பனாறு பட்டதே போதும்.

நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு ரூபாய்க் காசை எடுத்து அணியத்திலிருந்து பின்பலகை வரைக்கும் தட்டிக்கொண்டே போக வேண்டும். பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பார்களே, அப்படி. நல்ல இடத்தில் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்கும். அடுக்கு பிரிந்திருந்தாலோ உள்ளே தண்ணீர் ஏறியிருந்தாலோ ‘தொப்’ என்று செத்த சத்தம் வரும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடட்டும். மணலில் இழுபடும் ஏராவையும் (படகின் அடிநடுத் தண்டு) எஞ்சின் தொங்கும் பின்பலகையையும் அவசரப்படாமல் தட்டிப் பார்க்க வேண்டும். பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளே மக்கியிருக்கும். எஞ்சினைப் பிடித்து ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால் சந்தேகமே வேண்டாம்.

‘தொப்’ கேட்ட இடத்தை வெட்டித் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, புது மேட்டும் ரெசினும் போட்டு ஒட்டட்டும். ஒட்டியதற்கு மேல் பெயிண்ட் அடிக்காமல் அப்படியே விட வேண்டும். வருகிறவர் கண்ணால் பார்க்கட்டும், அவரும் தட்டிப் பார்க்கட்டும். ஒட்டு நல்ல ஒட்டு என்று தெரிந்தால் அவர் விலையைக் குறைக்க வழியில்லை. ரெசின் வேலையில் ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நம் பட்டறைகளில் பையன்கள் வெறும் கண்ணோடு அதை ஊற்றுவதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவிவிட்டு கியர் ஆயிலைப் பார்க்கட்டும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்றாமல் விற்பனைக்குக் காட்ட வேண்டாம். ஆள் வரும் முன்னே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைக்கவும் கூடாது. விஷயம் தெரிந்தவர் வந்ததும் எஞ்சின் மேல் கையைத்தான் வைப்பார்.

தாள் விஷயம் சுருக்கமாக. பதிவுப் புத்தகம், கடன் பாக்கி இல்லை என்ற சான்று, ஊர்ப் பஞ்சாயத்தாருக்குத் தகவல், இந்த மூன்றும் தயாராக இருக்க வேண்டும். உங்களுடையது புதுச்சேரிப் பதிவு. வாங்குகிறவர் தாழங்குடாக்காரராக இருந்தால் அது தமிழ்நாடு, பதிவை மாற்றியாக வேண்டும். அதற்கான பொறுப்பும் செலவும் யாருடையது என்பதை முன்பணம் வாங்கும் முன்பே எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, கரையோரம் போகிற ஃபைபர் படகு மீனுக்கு நல்ல விலை உண்டு. அதனால் பங்குனிக்குள் படகு தேடுகிறவர்கள் இருப்பார்கள். ஆடியில் நம் ஆட்கள் எதையும் வாங்க யோசிப்பார்கள். ஐப்பசிக்குமேல் கரையில் விட்டுவைக்கவே வேண்டாம். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல், இரண்டுமே நம் கரையில்தான் ஏறின.

சரி, இங்கே உள்ள பட்டறை வேலைக்கு வருகிறேன்.

வேலை நல்ல வேலை. படகு தெரிந்த கைக்கு இந்த நாட்டில் மதிப்பு உண்டு. ஆனால் யார் கூட்டிப்போகிறார், என்ன தாளில் கூட்டிப்போகிறார் என்று பாருங்கள். என்னையும் ஓர் உறவுக்காரர்தான் கூட்டிப்போனார், தெற்கே மத்தியதரைக் கடல் பக்கம் ஒரு பட்டறைக்கு. குளிர்காலம். படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சிப்பி ஒட்டாமல் இருக்க அடிக்கிற பெயிண்டை மெஷின் வைத்து உலர்வாகத் தேய்க்கச் சொன்னார்கள். அந்தப் பெயிண்டில் செம்பும் உயிர்க்கொல்லி மருந்தும் இருக்கும். எங்களுக்குக் கொடுத்தது காகித மாஸ்க். சாயந்திரம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை நீலமாக இருக்கும். இருமினால் எச்சிலும் நீலம். கொந்த்ரா என்கிற வேலை ஒப்பந்தம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, பாதிப் பணம் கையில், மீதி அடுத்த வாரம் என்றார்கள், அந்த வாரம் வரவே இல்லை. இருமல் நிற்காமல் டாக்டரிடம் போனபோது, இந்த வேலை பார்த்தேன் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. என்னைக் கொண்டுபோய் விட்டவர் அடுத்த கல்யாண வீட்டில் ‘நான்தான் இவனுக்கு வழி காட்டினேன்’ என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். நம் ஆட்களில் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவனுக்கு மொழி தெரியாது, வாய் திறக்க மாட்டான் என்பதுதான் அவர்களுக்கு வசதி. சொந்தக்காரர் என்பதால் தாள் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

முறையான பட்டறையில் ஈரத்தோடுதான் தேய்ப்பார்கள், அல்லது தூசியை உறிஞ்சும் மெஷின் இருக்கும். நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி3 வடிகட்டி வைத்த முகமூடி தருவார்கள். படகு கழுவும் இடம் தனியாக இருக்கும், அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குப் போய் வடிகட்டப்படும். நினைத்த இடத்தில் தேய்க்கச் சட்டம் விடாது. எழுபதுகளில் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே நொடித்தது. படகுப் பெயிண்டில் கலந்த டிபிடி என்ற தகரச் சேர்மம்தான் காரணம் என்று தெரிந்ததும், 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு 1982இல் முதலில் தடை போட்டது பிரான்ஸ்தான். லா ரோஷெலிலிருந்து ஆர்க்காஷோன் ரொம்ப தூரமில்லை, ஒரு நாள் போய்ப் பாருங்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவன் கத்தினால் சட்டம் வரும் என்று அங்கே நான் தெரிந்துகொண்டேன்.

உள் அறைகளைச் சுத்தம் செய்யும்போது பூஞ்சைக்கு ஜாவெல் என்கிற பிளீச் ஊற்றுவார்கள். வெளியே ஒருவர் ஆசிட் போட்டுக் கறை எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே வாளியில், ஒரே துணியில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் ஆள் மயங்கிவிடுவார். மெத்தைகளை எல்லாம் வெளியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடவிட்டு, ஒவ்வொரு பெட்டிக் கதவையும் திறந்து வையுங்கள். இங்கே வாங்க வருகிறவர் படியிறங்கியதும் முதலில் மோந்துதான் பார்ப்பார். தேக்குத் தளத்தில் பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள், மரத்தின் மெத்தென்ற பகுதி அரித்துப் போய்விடும். படகின் உலோகப் பாகங்கள் அரிக்காமல் இருக்க மாட்டும் துத்தநாகக் கட்டி பாதிக்குமேல் கரைந்திருந்தால் புதுசு மாட்டுங்கள், விலை குறைவு, முதலாளிக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

அடிப்பகுதியில் கொப்புளம் இருந்தால் குத்திப் பாருங்கள், காடி வாடையோடு ஒரு திரவம் வரும். அதை மறைத்து மேலே பெயிண்ட் அடிக்கச் சொன்னால் நீங்கள் செய்யாதீர்கள். இங்கே சிவில் சட்டம் 1641ஆம் பிரிவு, மறைந்த குறையோடு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. வாங்குகிறவர் நிபுணரை அழைத்து வந்து தட்டிப் பார்ப்பார், ஈரம் அளப்பார். புதுப் பெயிண்ட் அடித்த அடியைப் பார்த்தால் அவரும் நம் தாழங்குடாக்காரர் கேட்பதையே பிரெஞ்சில் கேட்பார்.

நான் பிறகு சேர்ந்த பட்டறையில் என் மொழியைப் பார்த்து முதலில் வாளியும் துடைப்பமும்தான் கொடுத்தார்கள். ஒரு நாள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன படகை நான் காசால் தட்டி, செத்த சத்தம் வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். வெட்டிப் பார்த்தார்கள், உள்ளே மரம் ஊறிக் கறுத்திருந்தது. அன்றிலிருந்து பழைய படகு எது வந்தாலும் என்னைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்கிறார்கள். பாரிஸ் பக்கம் இருக்கும் சில சொந்தங்கள் இன்னும் என்னைப் படகு கழுவுகிறவன் என்றுதான் சொல்வார்கள். லா ஷாப்பெல் தமிழ்க் கடைத்தெருவைத் தாண்டி இந்த நாட்டைப் பார்க்காதவர்கள் அவர்கள். முதுநகரில் கற்ற தொழிலை இந்த நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான்.

தடைக்காலத்தில் முதுநகர் துறைமுகம் எப்படி இருக்கும் தெரியுமா? ஆற்றோரம் முழுக்க விசைப்படகுகள் கரையேறி நிற்கும். மரப்படகின் சந்துகளில் பஞ்சு திணித்து உளி வைத்து அடிக்கிற சத்தம் காலையிலிருந்து கேட்கும். மேஸ்திரிகள் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். எனக்குத் தட்டக் கற்றுக்கொடுத்த பெரியவர், ‘கழுவு, காயவை, தட்டு, அப்புறம்தான் டப்பா’ என்பார். இங்கே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நானும் அதே வரிசையில்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த வாரம் இரண்டு காரியம் பண்ணுங்கள். அந்த உறவுக்காரரிடம், கொந்த்ராவில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையில் கை வைப்பேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஊரில் உங்கள் தம்பியிடம் சொல்லி, பின்பலகையைக் கழுவிக் காயவைத்து, போல்ட் ஓட்டைகள் தெரிகிற மாதிரி நல்ல வெயிலில் உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுப் போட்டால் போதுமா, பலகையையே மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.