மிரளும் குதிரைக்குட்டியைப் புது இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: அந்தியூர்ப் பக்கம் ஒருவரிடம் ஒன்றரை வயதுப் பெண்குதிரைக்குட்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். எங்கள் தோட்டம் தாராபுரம் அருகே. மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். குட்டி இதுவரை தாயோடு ஒரே கொட்டகையில்தான் இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் பை பறந்தால்கூட மிரள்கிறது. கண்ணைக் கட்டிக் காதைத் திருகினால் வண்டியில் ஏறிவிடும், இல்லையென்றால் மயக்க ஊசி போடலாம் என்கிறார் விற்பவர். எங்களிடம் காங்கேயம் மாடு இரண்டும் வெள்ளாடு ஆறும் உண்டு. குதிரை வளர்ப்பது இதுவே முதல்முறை. போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருக்கும். என்ன செய்ய வேண்டும்?

பதில்: காதைத் திருக விடாதீர்கள். முன்பணமே போனாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒருமுறை காதைத் திருகி ஏற்றிய குட்டி, பிறகு தலைக்கருகே கை வந்தாலே துள்ளும். நாளைக்கு லகான் மாட்டவும் பல் பார்க்கவும் படாதபாடு படுவீர்கள். மயக்க ஊசியும் வேண்டாம். ஓடும் வண்டியில் நான்கு காலையும் ஊன்றி நிலைப்படுத்திக்கொள்ள அதற்குத் தெளிவு வேண்டும். மயக்கத்தில் தள்ளாடும் குட்டி வளைவில் விழுந்தால் காலை ஒடித்துக்கொள்ளும்.

உங்கள் குட்டி அடம்பிடிக்கவில்லை. அதற்குக் கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும்; நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக மனிதக் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். வெயிலில் நிற்கும் குட்டிக்குத் தார்ப்பாய் போட்ட வண்டி ஒரு கரும்பொந்து போலத்தான் தெரியும். கூட்டத்தோடு வாழும் பிராணி, தாயைவிட்டுத் தனியாக அந்தப் பொந்துக்குள் போகச் சொன்னால் மிரளாமல் என்ன செய்யும்?

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: இடம் மட்டும் மாறட்டும். தீனி, தண்ணீர், தலைக்கயிறு, தீனி வைக்கும் நேரம் எல்லாம் முதல் பத்து நாள் முடிந்தவரை பழையபடியே இருக்கட்டும்.

விற்பவர் சம்மதித்தால் பத்து நாள் அவகாசம் கேளுங்கள். அதற்குள் மூன்று நான்கு முறை நீங்களே போய்க் குட்டிக்குத் தீனி வையுங்கள். உங்கள் வாசனையும் குரலும் பழகிவிடும். ஏற்றப்போகும் வண்டியை முடிந்தால் இரண்டு நாள் முன்பே கொண்டுபோய் ஒரு மண் திட்டோடு ஒட்டி நிறுத்துங்கள். வண்டித் தளமும் திட்டும் ஒரே மட்டமாக இருந்தால் பாதிப் பயம் போய்விடும். தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, இரும்புத் தளத்தில் குளம்பு வழுக்காமல் மணல் கொட்டி மேலே வைக்கோல் பரப்புங்கள். உள்ளே கொஞ்சம் புல் வைத்து, முதலில் தாயை ஏற்றி இறக்கிக் காட்டுங்கள்.

குட்டியை ஏற்றும்போது முன்னால் நின்று இழுக்காதீர்கள். இழுத்தால் பின்னுக்கு இழுப்பது குதிரையின் சுபாவம். இடது தோளருகே நின்று கயிற்றில் இலேசான பிடி கொடுங்கள். ஒரு காலை முன்னே வைத்தவுடன் பிடியைத் தளர்த்திவிடுங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் பதில். பின்னால் யாரும் குச்சியோடு நிற்கக் கூடாது.

புறப்படுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பயணத்துக்கு ஏற்றது என்று சான்று வாங்குங்கள். 1978-ம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளே அதைக் கேட்கின்றன. ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். இந்த நோய் குதிரையைத் தாக்குவதுபோல் வேறெந்தக் கால்நடையையும் தாக்குவதில்லை. கிளாண்டர்ஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனையும் அவசியம். அது மனிதனுக்கும் தொற்றும்.

விடிந்ததும் ஏற்றினால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். அன்று காலை கொள்ளும் தவிடும் வேண்டாம், புல் மட்டும் போதும். வயிற்றைக் காயப்போடவும் கூடாது. குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும், வெறும் வயிறு புண்ணாகும். தலைக்கயிற்றை உயரத்தில் இறுக்கிக் கட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தலையைத் தாழ்த்த முடியாத குதிரை மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் வெளியேற்ற முடியாமல் நிமோனியாவில் விழும். தலை தாழ்த்தும் அளவு கயிறு விட்டு, இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கழுத்தில் சுருக்குக் கயிறு கூடவே கூடாது. பாதி வழியில் நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் உப்புத் தண்ணீர் சிக்கல் தரும். பழகாத சுவையைக் குட்டி மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் குறைந்தால் சாணம் இறுகி வயிற்றுவலி வரும். பழைய இடத்துத் தண்ணீரை நான்கைந்து கேன்களில் கொண்டுவந்து உங்கள் தண்ணீரோடு கலந்து, நாளுக்கு நாள் பங்கை மாற்றுங்கள். நம் வெயிலுக்கு இந்த வயதுக் குட்டி நாளைக்கு 15 முதல் 25 லிட்டர் வரை குடிக்க வேண்டும். வாளியில் அளந்து வையுங்கள். தீனியும் அப்படியே: ஒரு வாரத்துக்கான பழைய தீனியை விலைக்கு வாங்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கொழுக்கட்டைப்புல்லுக்கு மாற்றுங்கள்.

கோழித் தீவனமும், கோழிப்பண்ணைச் சாக்குகளில் ஒட்டியிருக்கும் தூளும் குட்டியின் வாய்க்கு எட்டவே கூடாது. அதில் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்கு நல்லவை, குதிரைக்கோ இதயத்தை நிறுத்தும் நஞ்சு. பண்ணைகள் நிறைந்த நம் பகுதியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இளஞ்சோளப் பயிரும் வேலியோர அரளியும்கூட ஆகாது.

இறக்கிய அன்று ஊரைக் கூட்டாதீர்கள். வெடி, ஆரத்தி, படம் பிடித்தல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாயைக் கட்டிவையுங்கள். கையில் பிடித்தே வேலி ஓரமாக இரண்டு சுற்று நடத்தி, தண்ணீர்த் தொட்டியைக் காட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்திப்பொழுதில் என்னை அழைத்தார்கள். இறக்கியவுடன் அவிழ்த்துவிட்ட குட்டி, இருட்டில் கண்ணுக்குத் தெரியாத முள்கம்பியில் பாய்ந்து மார்பைக் கிழித்துக்கொண்டிருந்தது. தைத்துக் காப்பாற்றினோம்; இரண்டு மாதம் ஆனது. உங்கள் வேலி கிளுவை உயிர்வேலியாக இருந்தால் நல்லது. கம்பியாக இருந்தால் வெள்ளைச் சாக்குத் துண்டுகளைக் கட்டித் தெரியும்படி செய்யுங்கள். முதல் வாரம் சின்னப் பட்டிக்குள் மட்டும் விடுங்கள்.

தனியாக நிற்க வைக்காதீர்கள். விற்பவர் ஒத்துக்கொண்டால் தாயையே ஒரு வாரத்துக்கு உடன் அனுப்பச் சொல்லி, அதற்கான செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. தாய் திரும்பிய பிறகு, சாதுவான வெள்ளாடு ஒன்றைக் கொட்டகையில் சேர்த்துக் கட்டுங்கள். நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஆடு இன்னொரு குதிரைக்கு ஈடாகாது. வசதி இருந்தால் வயதான குதிரை ஒன்றையும் வாங்குவதே என் விருப்பம்.

முதல் மூன்று வாரம் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். 101.5 டிகிரிக்கு மேல் போனாலோ, மூக்கு ஒழுகினாலோ, தாடைக்கு அடியில் வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். காலால் தரையைப் பறித்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, சாணம் போடுவது நின்றாலோ மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பினால் உள்ளிருப்பது வாய்வழியே வெளியேற வழியில்லை. உடனே கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்கு அழையுங்கள்.

சேணம், வண்டி, சவாரி பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். மூன்று வயதாவது ஆகட்டும். தினமும் விடியற்காலையில் போய்க் குட்டியின் விலாவைப் பாருங்கள். பயந்த குதிரை நின்றபடியே கண்ணயரும், படுக்காது. ஒருநாள் காலை விலாவிலும் பிடரி மயிரிலும் வைக்கோல் துரும்பு ஒட்டியிருக்கும். அன்றிலிருந்து குளம்பைத் தூக்கிப் பழக்குவதைத் தொடங்குங்கள்.