புதையல் வேட்டை வச்சேன், தமிழ்தான் வரல!

கேள்வி: வாரக்கடைசில தமிழ் கிளாஸ் எடுக்கறேன். 12 பசங்க, பத்துலேர்ந்து பதிமூணு வயசு, தமிழ் கேட்டா புரியும் ஆனா வாயே திறக்க மாட்டாங்க. சரி வெளில கூட்டிட்டு போவோம்னு மைதானத்துல புதையல் வேட்டை வச்சேன், செம குஷி! ஆனா வேகமா ஓடற ரெண்டு பேரே எல்லா சீட்டையும் எடுத்துட்டாங்க, மத்தவங்க அவங்க பின்னாடியே ஓடினாங்க, ஒருத்தரும் தமிழ்ல ஒரு வரி பேசல. திரும்ப வைக்கறதா வேணாமா?

பதில்: கண்டிப்பா வைங்க. குஷி வந்துடுச்சு இல்ல, அதுதான் கஷ்டமான பாதி. இப்ப தமிழ் இல்லாம புதையல் கிடைக்காதுங்கற மாதிரி ஆட்டத்தை மாத்தணும், அவ்ளோதான்.

மொதல்ல சீட்டு. 'மரம்'னு மட்டும் எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, இருக்கற மரத்தையெல்லாம் சுத்தி வந்துடுவாங்க. 'பெஞ்சுலேர்ந்து மரத்துக்கு நேரா பத்து அடி நட'ன்னு ஒரு சீட்டு, 'மரத்துலேர்ந்து பெஞ்சுக்கு நேரா பத்து அடி நட'ன்னு இன்னொரு சீட்டு எழுதிப் பாருங்க. ரெண்டுலயும் அதே வார்த்தைங்கதான், 'லேர்ந்து'வும் 'க்கு'வும்தான் இடம் மாறியிருக்கு, ஆனா அதை கவனிக்காதவன் வேற முனைல போய் நிப்பான். வேற்றுமை உருபுன்னு போர்டுல எழுதி எத்தனை வாரம் சொன்னாலும் ஏறாதது, தப்பான இடத்துல ஒரு தடவை தேடிட்டு வந்தா மனசுல ஒட்டிக்கும். மேல, அடில, நடுவுல, தாண்டி, வரைக்கும்... இதெல்லாம் இப்படித்தான் சொல்லிக் குடுக்கணும்னு நான் மனசார நம்பறேன்.

அடுத்தது ஓடற பசங்க. அவங்களை நிறுத்தாதீங்க, ஆனா ஓடறவன் கைல சீட்டு இருக்கக்கூடாது. மூணு மூணு பேரா நாலு டீம் பிரிங்க. ஒருத்தர் கைல எங்கேர்ந்து கிளம்பணும்ங்கற சீட்டு, இன்னொருத்தர் கைல எந்தப் பக்கம், எங்க ஒளிஞ்சிருக்குங்கற சீட்டு, ரெண்டு பேரும் கோட்டுக்குப் பின்னாடியே நிக்கணும், சீட்டை காட்டக்கூடாது, வாயால தமிழ்ல சொல்லலாம். மூணாவது ஆள் ஓடிப் பாத்துட்டு கிடைக்கலேன்னா திரும்பி வந்து கேக்கணும். ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் மாத்துங்க, வரிசையையும் டீமுக்கு டீம் மாத்திடுங்க, அப்பதான் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஓட மாட்டாங்க. பெங்களூர்ல 1979லேர்ந்து 1984 வரைக்கும் என்.எஸ்.பிரபுங்கற மொழி கற்பித்தல் ஆய்வாளர் நடத்தின ஆங்கில வகுப்புகள்லயும் இலக்கணத்தை முன்னாடி வைக்காம பசங்களுக்கு வேலை குடுத்துதான் மொழியை வரவழைச்சாங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாத மாதிரி வேலை குடுக்கறது அவர் பிரிச்ச மூணு வகைல ஒண்ணு.

கிளம்பறதுக்கு முன்னாடி 'எந்தப் பக்கம்?', 'இன்னொரு தடவை சொல்லு', 'அங்க இல்லையே' இந்த மூணையும் சத்தமா சொல்ல வச்சுடுங்க, பாதி பசங்க பேசாததுக்கு காரணமே அந்த நேரத்துக்கு வேண்டிய வாக்கியம் நாக்குல இல்லாததுதான். அப்புறம் சீட்டை வச்சுட்டு நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்க, ஒரே குறிப்பு ரெண்டு இடத்துக்கு பொருந்தினா அங்க சண்டைதான் வரும்.

கேள்வி: போன்ல ஜிபிஎஸ் வச்சு, குறிச்ச இடத்துக்குப் போய் ஒளிச்சு வச்சதைத் தேடி எடுக்கற ஜியோகேஷிங் மாதிரி செய்யலாமா?

பதில்: பெரிய பூங்கான்னா செய்யலாம். அந்த விளையாட்டே 2000 மே மாசம் பிறந்ததுதான், ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்திருந்த பிழையை அமெரிக்கா நிறுத்தின ஒண்ணு ரெண்டு நாள்லயே ஒருத்தர் ஒரு வாளிக்குள்ள சாமான் போட்டு ஒளிச்சு வச்சார். ஆனா போன் ஜிபிஎஸ் திறந்த வெளிலயே சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், மரத்தடில இன்னும் மோசம். அது உங்களுக்கு நல்லதுதான், பக்கத்துல வரைக்கும் போன் கொண்டுபோகட்டும், கடைசி அஞ்சாறு மீட்டருக்கு தமிழ்ல எழுதின குறிப்பு மட்டும்தான்னு வைங்க. சின்ன மைதானத்துக்கு போன் வேணாம், எல்லாரும் திரையையே பாத்துட்டு நிப்பாங்க. முடிஞ்சதும் பத்து நிமிஷம் உக்கார வச்சு அடுத்த வாரத்துக்கான சீட்டை அவங்களையே எழுதச் சொல்லுங்க, எதிர் டீமை எப்படி அலைய விடலாம்னு அவங்க யோசிச்சு எழுதற வாக்கியத்தை நீங்க திருத்தினா போதும்.