வழக்கு போலீஸ் மீது, சமாதானம் அந்தப் பெண்ணோடு

கேள்வி: நான் மதுரைக்காரி. கல்யாணமாகி டிரினிடாடில் சகுவானஸ் ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. 3 வருடம் 3 மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் என் கொழுந்தனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவன் துப்பாக்கியை நீட்டினான், அதனால் சுட்டோம் என்கிறார்கள். அவன் பி.ஹெச் கார், அதாவது சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவன். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்தில் எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. மரணம் எப்படி நடந்தது என்று பார்க்கும் கரோனர் விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. அக்கம்பக்கத்தவர்களே ஃபேஸ்புக்கில் "ஒருத்தன் குறைஞ்சான்" என்று எழுதினார்கள். கணவரின் அண்ணன் கோல்டன் குரோவ் சிறையில் விசாரணைக் கைதி. அங்கே கலவரம் வந்தபோது வார்டர்கள் அடித்து அவர் கை முறிந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று அரசியல் சாசன வழக்கு போட்டால் சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொன்னார். எல்லாவற்றையும் சேர்த்து மாமியார் பெயரில் போடலாமா? கொழுந்தனோடு மூன்று வருடம் இருந்த ஒரு பெண்ணும் அவளுக்கு ஒரு மகளும் உண்டு. மாமியார் அவர்களை வாசலில்கூட நிற்க விடுவதில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி கடைசி வரிதான். அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்.

ஃபேஸ்புக்கை விடுங்கள். 2024-ல் 600-க்கு மேல் கொலைகள் நடந்து, டிசம்பர் 30 அன்று அவசரநிலை அறிவித்த தீவு அது. பயந்துபோன மக்கள் போலீஸ் பக்கம் நின்று எழுதத்தான் செய்வார்கள். உங்கள் வழக்கைக் கேட்கப்போவது ஒரு நீதிபதி. அக்கம்பக்கத்தார் எழுதியது அவர் மேஜைக்கு வராது. சிறையில் கை முறிந்ததற்கு வழக்கு உண்டு, ஆனால் அது தனி வழக்கு. அதைப் போட வேண்டியவர் அடிபட்டவர். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் மெதுவாகும். அவர் சிறையிலிருந்து போன் செய்யும்போது தம்பி செத்த கதையைப் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள், அந்தப் பேச்சு வேறு காதுகளுக்கும் போகலாம்.

அரசியல் சாசன வழக்கு சீக்கிரம் முடியும் என்று சொன்னவர் ராமனூப் வழக்கைப் பற்றி எங்கோ கேட்டிருக்கிறார். போலீஸ்காரர் அடித்த அந்த வழக்கில், வழக்கமான நஷ்டஈட்டுக்கு மேல், உரிமை மீறப்பட்டதற்காகவே தனித் தொகையும் தரலாம் என்று 2005-ல் டிரினிடாடின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கே நடந்ததை அரசு மறுக்கவில்லை. உங்கள் விஷயத்தில் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதே சண்டை. உண்மை எது என்பதே தகராறாக இருக்கும்போது சாதாரண சிவில் வழக்குதான் வழி. அதை விட்டு அரசியல் சாசனக் கதவைத் தட்டுவது நீதிமன்றத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகலாம் என்று 2002-லேயே ஜரூ வழக்கில் அதே பிரிவி கவுன்சில் எச்சரித்துவிட்டது. ஆகவே அரசின் சார்பில் வழக்குகளில் நிற்கும் அட்டர்னி ஜெனரலை எதிர்வாதியாக்கி சிவில் வழக்கு.

சிவிலில் உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. 1998-ல் இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒருவரை அவர் படுக்கையறையிலேயே போலீஸ் சுட்டுக் கொன்றது. சுட்ட அதிகாரி கொலை வழக்கில் விடுதலையானார். ஆனாலும் குடும்பத்தின் சிவில் வழக்கு தொடரலாம் என்று 2008-ல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்து என்று உண்மையாகவே நினைத்தேன் என்பது மட்டும் சிவிலில் போதாது, அந்த நினைப்பு நியாயமானதாகவும் இருக்க வேண்டும், அதை நிரூபிப்பது சுட்டவர் பொறுப்பு. போலீஸ் தான் சுட்டதை ஒப்புக்கொண்டிருப்பதால் உங்கள் பாதி வேலை முடிந்துவிட்டது. புகார் ஆணையம் பரிந்துரை செய்யும், பணம் வாங்கித் தராது. கரோனர் எப்படி இறந்தார் என்று சொல்வார், அதோடு சரி. இவர்கள் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. காத்திருக்கவும் கூடாது, ஏனென்றால் நஷ்டஈட்டு வழக்குக்கு அங்கே நான்கு ஆண்டுதான் லிமிட்டேஷன், அதாவது வழக்கு போடுவதற்கான கெடு. உங்கள் கையில் இருப்பது ஒன்பது மாதம். குழந்தை மைனர் என்பதால் காலம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால், இறந்தவர் சொத்தின் சார்பில் போடும் வழக்குக்கு அது உதவாது.

சரி, இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருவோம்.

செத்தவர் வழக்கு போட முடியாது. அவர் சார்பில் போடுகிறவர் கையில் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் இருக்க வேண்டும். அதாவது உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தையும் உரிமைகளையும் நிர்வகிக்கக் கோர்ட் தருகிற ஆணை. பெற்ற தாய் என்பதாலேயே அது கைக்கு வந்துவிடாது. வழக்கைப் போட்டுவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. 1940-களில் இங்கிலாந்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனார் அப்படித்தான் செய்தார். பின்னால் ஆணையும் வந்தது. ஆனால் வழக்கு போட்ட நாளில் உரிமை இல்லை, அதனால் வழக்கே பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி போடலாம் என்றால் காலம் கடந்துவிட்டிருந்தது. இன்றைக்கும் அரசு வழக்கறிஞர்கள் மறக்காத வழக்கு அது.

உங்கள் வீட்டில் அதைவிட மோசமான ஒன்று காத்திருக்கிறது. கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆனால் மகள் இருக்கிறாள். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் சமமான உரிமை உண்டு என்று டிரினிடாடில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. மனைவி இல்லாமல் பிள்ளை மட்டும் இருந்தால் சொத்து பிள்ளைக்குப் போகும், தாய்க்கு அல்ல. சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் அவளுக்கும் பங்கு வந்திருக்கும். மூன்று ஆண்டுதான் என்கிறீர்கள், அதனால் அவளுக்கு இல்லை. குழந்தைக்கு உண்டு.

ஆணை கேட்டு மனுப் போடும்போது இறந்தவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். "அது எங்கள் பிள்ளைதானா, யார் கண்டது" என்று உங்கள் மாமியார் அந்த இடத்தை வெறுமையாக விடுவார். இப்படி விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வருடம் ஒன்றும் ஆகாது. அரசு ஒரு தொகை தந்து முடிக்கலாம் என்று இறங்கி வருகிற வாரத்தில்தான் அந்தப் பெண் ஒரு வக்கீலோடு வருவாள். ஆணை ரத்தாகும், பொய்ச் சத்தியம் என்ற பேச்சு எழும், அரசுப் பக்கம் பணத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். சுட்டவர்களை யாரும் அப்புறம் கேட்கமாட்டார்கள். கோர்ட்டில் மாமியாரும் அந்தப் பெண்ணும்தான் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

குழந்தையின் பிறப்புப் பதிவில் அப்பா பெயர் இருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். கல்யாணமாகாத அப்பா தானே வந்து ஒப்புக்கொண்டிருந்தால்தான் பெயர் ஏறியிருக்கும். இல்லையென்றால் தகப்பன் இவர்தான் என்று கோர்ட்டில் உத்தரவு வாங்க வேண்டும். உடலை வாட்டர்லூ கடற்கரையில் தகனம் செய்திருப்பீர்கள். அப்படியானால் டி.என்.ஏ ஒப்பிட மாமியாரின் ரத்தம் வேண்டியிருக்கலாம். அவரே எதிர்த்து நின்றால் ஒன்பது மாதம் அதிலேயே போய்விடும்.

அதனால் மாமியாருக்குப் பிடிக்காத யோசனையைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணோடு இந்த மாதமே சமாதானம் ஆகுங்கள். எழுத்தில், இரண்டு தரப்புக்கும் தனித்தனி வக்கீல் வைத்து. மாமியாருக்கு ஒன்றுமே கிடைக்காது என்பதல்ல. மகன் சம்பாத்தியத்தில் வாழ்ந்தவர் என்று காட்டினால், சார்ந்திருந்தவர் என்ற முறையில் அவருக்குத் தனி நஷ்டஈடு உண்டு. குழந்தைக்கும் அப்படியே. பேத்தியை ஒப்புக்கொண்டால் மாமியார் இழப்பது குறைவு. ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கையே இழப்பார். யார் பெயரில் ஆணை வாங்குவது என்பதில் இருவரும் ஒத்துப்போனால், முழு ஆணைக்குக் காத்திராமல் இந்த வழக்குக்கு மட்டும் செல்லுபடியாகும் குறுகிய ஆணையையும் உங்கள் வக்கீல் கேட்கலாம்.

சம்பாத்தியம் பற்றி ஒரு வார்த்தை. பி.ஹெச் கார் என்பது அனுமதி இல்லாமல் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவது. தீவில் எல்லாரும் ஏறுகிறார்கள், ஆனாலும் சட்டப்படி தப்பு. அந்த வருமானத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அரசு வாதாடும். வேறு வேலை எதாவது செய்திருந்தால், அரை நாள் வேலையானாலும், அதற்கான காகிதத்தைத் தேடி எடுங்கள்.

அந்தப் பெண் வீட்டுக்கு உங்கள் கணவரை அனுப்ப வேண்டாம், மாமியாரை அனுப்பவே வேண்டாம். வெளியூரிலிருந்து வந்த மருமகள் நீங்கள், நீங்களே போங்கள். பிறப்புச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதற்கு முன் குழந்தையின் பெயரைக் கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அது இல்லை.