அடுத்த கிழமை திறக்கும்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். மகள் இப்போது ஏழாம் தரம். கொரோனா வந்தபோது இரண்டாம் தரம். பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள் என்பது முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது. எனக்கு வங்கியில் வேலை, கணவருக்கு ஹோட்டல் துறை. அவருக்கு அரைச் சம்பளமாகிவிட்டது. ஒரே போனில் அவளுக்கு சூம் வகுப்பு, அதே போனில் எனக்கு வேலை. நடுவில் ரீச்சர்மாரின் வேலைநிறுத்தம் வேறு. "ஒரு கிழமைதான், அடுத்த கிழமை திறக்கும்" என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருடம் போய்விட்டது. அந்த நேரத்தில் கீழ்மாடி முஸ்லிம் வீட்டுப் பெரியவர் கொரோனாவில் இறந்துபோனார். இவளோடு நல்ல ஒட்டு அவர். பயந்துவிடுவாள் என்று, மகனிடம் டுபாய்க்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்தோம்.

இப்போது கணிதம்தான் பிரச்சினை. பின்னமும் தசமமும் ஏறவில்லை. ஒரு ரியூஷன் போகிறாள், இன்னொன்று போடலாமா? மழைக்கு லீவு விட்டால்கூட வகுப்பில் வைக்கிற எல்லாக் கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு வருகிறாள். மாமி, "நாங்கள் சண்டைக்குள்ளேயே படித்தோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செல்லம் கூட" என்கிறார். இழந்த அந்தக் காலத்தை எப்படி ஈடுசெய்வது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

*

அன்புள்ள தங்கச்சி,

கணிதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இன்னொரு ரியூஷன் வேண்டாம். ரியூஷன் மாஸ்டர் ஏழாம் தரப் பாடத்தைத்தான் ஓட்டுவார், பின்னால் திரும்பிப் போகமாட்டார். உங்கள் மகளுக்குத் தேவை பின்னால் போவது. இரண்டாம் மூன்றாம் தரங்களில் புளியங்கொட்டையை அடுக்கிக் கற்கவேண்டியதை அவள் போன் திரையில் பார்த்தாள். வாய்ப்பாடும் வகுத்தலும் உறுதியாக இல்லாத பிள்ளைக்குப் பின்னம் எங்கே ஏறும்? நான்காம் ஐந்தாம் தரப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். பின்னேரம் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து செய்யப் பண்ணுங்கள். அவ்வளவுதான்.

ஒரு போனைப் பங்கு போட்டதற்கு வருந்தவும் வேண்டாம். 2019இல் இந்த நாட்டில் நூறு வீடுகளுக்கு ஏறக்குறைய 22 வீடுகளில்தான் கணினி இருந்தது. பதுளைப் பக்கம் பொஹிட்டியாவவில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியாக நடந்து பாறையில் ஏறி நின்றார்கள். ஆசிரியர்களையும் விட்டுவிடுங்கள். அவர்களில் எத்தனையோ பேர் சொந்தக் காசில் டேட்டா போட்டுப் படிப்பித்தவர்கள். சம்பள முரண்பாடு என்று இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்டும் கிடைக்காதவர்கள். 2021 யூலையில் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினார்கள் என்றால், வேறு எதை நிறுத்தியிருந்தால் இந்த நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்திருக்கும்?

உங்கள் கடிதத்தில் என்னை நிற்க வைத்தது வேறு இடம். "அடுத்த கிழமை திறக்கும் என்று சொல்லிச் சொல்லியே." "டுபாய்க்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்தோம்." இந்த இரண்டையும் கதையோடு கதையாக எழுதிவிட்டு, பின்னத்துக்கும் தசமத்துக்கும் பாய்ந்துவிட்டீர்கள். யூலை மாதம் வந்தாலே எனக்குள் கிளறுகிற விஷயம் இது. இந்த முறை உங்கள் கடிதமும் அதோடு வந்து சேர்ந்தது.

1983 யூலை 25, திங்கட்கிழமை. கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம். நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீடும் உங்கள் பக்கம்தான், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் ஒரு கிழமை லீவு" என்றார். பக்கத்துச் சிங்கள வீட்டின் பின்னறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். "சத்தம் போடாதே, அந்த அன்ரிக்குத் தலையிடி" என்றார்கள். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். ஒரு வகுப்பறைக்குள் பத்துப் பதினைந்து குடும்பங்கள். வாங்குகளை வெளியே தள்ளிவிட்டு நிலத்தில் படுத்தோம். கரும்பலகையில் யாரோ ஒரு ரீச்சர் பாதியில் விட்டுப்போன வகுத்தல் கணக்கு ஒன்று இருந்தது. அது பெரிய வகுப்புக் கணக்கு, எனக்கு வராது. ஆனாலும் ஒரு துண்டுப் பென்சில் வாங்கி, பாண் சுற்றிவந்த கடதாசியில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லீவு முடிந்து போனால் கேட்பார்களே! பிறகு ஒரு அண்ணன் வந்து அதை அழித்துவிட்டு, எந்தக் குடும்பத்துக்கு எத்தனை சாப்பாட்டுப் பார்சல் என்று எழுதினார்.

காங்கேசன்துறைக்கு லங்கா கல்யாணி கப்பலில் ஏற்றினார்கள். அப்போதும் எனக்குச் சொல்லப்பட்டது, லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்பதுதான். சித்தி வீட்டுக் கிணற்றடியில் வைத்து, என் வயதுப் பெடியன் ஒருவன் "உங்கட வீடு எரிஞ்சு போச்சுதாமே?" என்று கேட்டான். எங்கள் வீடு எரிந்ததை எனக்குச் சொல்ல அவன்தான் இருந்தான்.

அப்பா என்மேல் உயிரையே வைத்திருந்தவர். பயத்தை என்னிடம் அண்டவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார். அது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுகாலம், ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனால் நான் கேற்றடியில்தான் நிற்பேன். கொழும்பில் என்ன நடந்தது என்பதைவிட, அவர் சொன்னதை நம்ப முடியாமல் போனதுதான் எனக்குக் கனநாள் வலித்தது.

உங்கள் மகளின் கொப்பிகளுக்கு வாருங்கள். அவள் மழைக்குப் பயப்படுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியவர்கள் "இரண்டு நாள் லீவு" என்று சொன்னால் அது எவ்வளவு நீளும் என்று அவளுக்கு அனுபவம் இருக்கிறது. 2020 மார்ச் 12ஆம் திகதி மூடுவதாக அறிவித்தபோது ஏப்ரல் 20 வரை என்றார்கள். யூலையில் பெரிய வகுப்புகளுக்குத் திறந்தார்கள், ஒரு கிழமையில் மறுபடி மூடினார்கள். ஓகஸ்டில் சின்னவர்களும் போய்வரத் தொடங்க, ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி என்று கொரோனா ஒரேயடியாகப் பலருக்குப் பரவியது. மேல் மாகாணம் மாதக்கணக்கில் பூட்டு. அடுத்த வருடம் திறந்து கனநாள் ஆகவில்லை, ஏப்ரல் கடைசியில் மீண்டும் மூடினார்கள். ஆரம்பப் பிரிவுக்கு 2021 ஒக்டோபர் கடைசியில்தான் கதவு திறந்தது. சரி, முடிந்தது என்று பார்த்தால், 2022 யூனில் பெற்றோல் டீசல் இல்லாமல் கொழும்புப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அவை மறுபடி திறக்க யூலை 25 ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரு திகதி சொல்லப்பட்டது, நீங்களும் அதை அப்படியே அவளிடம் சொன்னீர்கள். கொப்பிகளைத் தூக்கி வருகிற பிள்ளை புத்தியான பிள்ளை. நம் வார்த்தையை நம்பாமல், தன்னால் ஆன முன்னேற்பாட்டைச் செய்துகொள்கிறாள்.

அரசாங்கத்துக்கே தெரியாதபோது நான் எங்கே போய் உண்மையைச் சொல்ல என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது என்பதுதானே அன்றைக்கு இருந்த உண்மை? அதைச் சொல்லியிருக்கலாம். கொரோனா நேரம் நான் கொட்டாஞ்சேனையில் இருந்தேன். 2020 ஒக்டோபரில் வடகொழும்பு முழுக்க அடைத்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கை முகப்பில் கம்பும் கயிறும், பொலிஸ் காவல். பக்கத்து வீட்டில் ஓட்டோ ஓடுகிற தம்பி ஒருவர், ஓட்டோ வாசலில் நிற்க வீட்டுக்குள் இருந்தார். மகனுக்கு ஒன்பது வயது. ராத்திரிச் செய்தி முடிந்ததும் அவர் மகனைப் பக்கத்தில் இருத்தி, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தெருக்களைக் கீறிக் காட்டுவார். புளூமெண்டல் வீதி, ஜம்பட்டா வீதி, முகத்துவாரம், மட்டக்குளி. எது பூட்டு, எங்கே புதிதாக ஆளுக்கு வருத்தம், சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. மாத்தயா இன்றைக்கு யார் வீட்டுக்கு வந்தார், எல்லாம். சுவர் பக்கத்துச் சுவர் என்பதால் எனக்குக் கேட்கும். "எப்ப அப்பா திறப்பாங்க?" என்று பெடியன் கேட்டால், "எனக்கும் தெரியாது மகன். தெரிய வந்தா முதல்ல உனக்குத்தான் சொல்லுவன்" என்பார். ஒருநாள் "உங்களுக்கு வந்தா?" என்று கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன்னை எங்கே கொண்டுபோவார்கள், அம்மா யாருக்குப் போன் எடுப்பாள், அரிசி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பிள்ளை அன்றைக்கு அழுதான். நானும் கேட்டேன். பிறகு நித்திரையாகிவிட்டான்.

அவனுக்கும் கணிதம் பின்தங்கித்தான் போனது. கணிதத்துக்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

உங்கள் மாமி சொல்வதற்கு ஒன்று. சண்டைக்குள் படித்தார்கள்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் வடக்கில் சண்டைக்குள் படித்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏன் மூடியது என்று தெரியும். குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது, பங்கருக்குள் இறங்கினார்கள், பங்கர் வெட்டும்போது மண் அள்ளிக் கொட்டியதும் அதே பிள்ளைதான். மூடி மறைக்க அங்கே வழியே இருக்கவில்லை. மறைக்கிற பழக்கம் கொழும்பில் இருந்த எங்களுடையது. 83க்குப் பிறகு இந்த நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவைக் கதவுக்குள் வைத்துப் பூட்டின! பஸ்ஸில் தமிழில் கதைக்காதே, ஏன் என்று கேட்காதே. சோதனைச் சாவடியில் பேசாமல் நில், ஏன் என்று கேட்காதே. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சத்தத்தைக் காதால் கேட்ட பிள்ளைகளிடமே "காஸ் சிலிண்டர் வெடிச்சது" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். மறு மாதம் பள்ளிக்கூட வாசலில் அதே பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தார்கள். காஸ் சிலிண்டருக்கா பையைச் சோதிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை யோசிக்காதா?

இனி அந்தப் பெரியவர். இதில் உங்களோடு எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை.

வருத்தம் வந்ததையும் இறந்ததையும் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு கிழமை தள்ளிப்போட்டிருந்தாலும் பரவாயில்லை. நீங்களோ அவருக்கு ஒரு பயணத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டீர்கள். போய்விட்டுவருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு போன்கூட எடுக்காமல், தன்னை மறந்துபோன ஒரு தாத்தாவை அவள் இத்தனை வருடம் மனதில் வைத்திருக்கிறாள். உண்மை தந்திருக்கக்கூடிய துக்கத்தைவிட இது எந்த வகையில் சின்னது?

எந்த மாதம் இறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. 2020 ஏப்ரலுக்கும் 2021 பெப்ரவரிக்கும் இடையில் என்றால் அவரை எரித்திருப்பார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் இந்த நாட்டில் விடவில்லை. 2020 டிசெம்பரில் பொறளை கனத்தை மயான வேலியில் சனங்கள் அதை எதிர்த்து வெள்ளைத் துணி கட்டினார்கள். பிறகுதான் அனுமதி வந்தது, அதுவும் தொலைவில், ஓட்டமாவடியில். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. உங்கள் காலுக்குக் கீழே ஒரு மாடியில் ஒரு குடும்பம் இவ்வளவையும் சுமந்தது. உங்கள் மகள் அந்த வீட்டுப் படியைக் கடந்துதான் தினமும் இறங்கியிருப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படி நம்புகிறீர்கள்? பன்னிரண்டு வயது, கையில் போன் இருக்கிறது, வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். அவளுக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கும். உங்களுக்காகத்தான் தெரியாதது போல இருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன்.

சொல்லுங்கள் தங்கச்சி. ரியூஷன் இல்லாத ஒரு பின்னேரம், போன்களை உள்ளே வைத்துவிட்டு, கணவரும் இருக்கும்போது சொல்லுங்கள். பின்னத்தைப் பற்றி அன்றைக்கு வாயே திறக்கவேண்டாம். "நீ பயப்படுவாய் என்று அப்படிச் சொன்னோம்" என்று தொடங்காதீர்கள். அது மறுபடியும் உங்கள் நியாயம். அவர் இறந்தார், எப்போது, எந்த ஆஸ்பத்திரியில், என்ன செய்தார்கள் என்று முதலில் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு அறைக்குள் போனால் போகட்டும், பின்னால் போகாதீர்கள். திரும்பி வந்து கேட்பாள். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள், தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குடும்பம் இன்னும் கீழ்மாடியில் இருந்தால் நீங்கள் தனியே போய், மகளுக்கு இப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அது அவர்கள் வீட்டு மரணம். டுபாய்க் கதை அவர்கள் காதுக்கும் எட்டியிருக்கலாம். அதைப் பற்றி அவர்கள் ஏதாவது சொன்னால் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.