கல்லிலிருந்து உருவிய வாளுக்குப் பெயர் உண்டா? ஆட்சேபனை மனு எழுதும் முன் சில விளக்கங்கள்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தம் மகள் பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினாப் போட்டியில் ஒரு மதிப்பெண்ணை இழந்ததைப் பற்றி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். "அரசுரிமையை நிரூபிக்க ஆர்தர் கல்லிலிருந்து உருவிய வாளின் பெயர் என்ன?" என்பது, பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னனைப் பற்றிய கேள்வி. "அந்த வாளுக்குப் பெயர் கூறப்படவில்லை, எக்ஸ்காலிபர் பிறகு கிடைத்த வேறு வாள்" என்று மகள் எழுத, விடைக்குறிப்பில் "எக்ஸ்காலிபர்" என்று இருந்ததாம். கட்டணம் கட்டி ஆட்சேபனை தெரிவித்தால் நிற்குமா என்று கேட்கிறார்.

நிற்கும். ஆனால் விடை தவறு என்று வாதிடாதீர்கள், கேள்வியே குறையுடையது என்று எழுதுங்கள்.

தாமஸ் மாலரி எழுதி, வில்லியம் காக்ஸ்டன் 1485இல் அச்சிட்ட 'லே மோர்ட் டார்தர்' என்னும் ஆங்கில ஆர்தர் கதை நூலை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் பக்கம் நியாயம் இருக்கிறது. முதற் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், உத்தர் மன்னன் இறந்தபின் அடுத்த அரசன் யாரென்று தெரியாமல் நாடு தத்தளிக்கையில், லண்டனின் மிகப் பெரிய தேவாலய முற்றத்தில் பளிங்கு போன்ற சதுரக் கல் ஒன்று தோன்றுகிறது. அதன் நடுவில் கொல்லன் பட்டறையில் இருப்பது போன்ற ஓரடி உயர எஃகு அடைகல்லும், அதில் முனை செருகிய வாளும், இதை உருவுகிறவனே பிறப்பால் இங்கிலாந்து முழுமைக்கும் உரிய அரசன் என்னும் பொன்னெழுத்துகளும் இருக்கின்றன. உரிமையைச் சொல்லும் அந்த எழுத்துகள் வாளின் பெயரைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தன்னோடு வளர்ந்த கே என்பவன் வாளை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால், அவனுக்கு ஒரு வாள் வேண்டுமே என்றுதான் ஆர்தர், அதன் பொருள் அறியாமலே, அதை உருவிச் செல்கிறான். பின்னர் 23ஆம் அத்தியாயத்தில் பெல்லினோர் மன்னனுடன் நடக்கும் சண்டையில் ஆர்தரின் வாள் இரண்டாக உடைகிறது. 25ஆம் அத்தியாயத்தில் ஏரியின் நடுவிலிருந்து நீண்ட கை ஏந்திய வாள் அவனுக்குக் கிடைக்கிறது. அதன் பெயர் எக்ஸ்காலிபர் என்று, அதைக் கொடுத்த ஏரிப் பெண்ணே இரண்டாம் புத்தகத்தில் சொல்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் வேலை எளிது. ஆனால் அதே முதற் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், ஏரி வாள் கைக்கு வருவதற்கு முன்பே, போர்க்களத்தில் ஆர்தர் "தன் வாளாகிய எக்ஸ்காலிபரை" உருவினான் என்றும், முப்பது தீப்பந்தங்களைப் போல அது பகைவர் கண்ணைக் கூசச் செய்தது என்றும் மாலரி எழுதிவிட்டார். விவரம் தெரிந்த நடுவர் இருந்தால் இந்த வரியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். இந்த முரண் வந்த வழியையும் தெரிந்துகொள்ளுங்கள்: 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைக் கதைகளில் ஒரு கிளை கல்லிலிருந்து வந்த வாளுக்கே அந்தப் பெயரைச் சூட்டுகிறது, மற்றொரு கிளை ஏரியிலிருந்து வந்த வாளுக்குச் சூட்டுகிறது. மாலரி இரண்டையும் ஒன்றாகத் தைத்தபோது தையல் வெளியே தெரிந்துவிட்டது. ஆகவே விடைக்குறிப்பை முழுப் பொய் என்று நீங்கள் சொன்னால், அந்தப் பிரெஞ்சுக் கிளையைக் காட்டி உங்கள் மனுவைத் தள்ளிவிடலாம். எந்த நூலின்படி என்று கேள்வி சொல்லவில்லை என்பதே உங்களுக்கு உறுதியான பிடி. நூலின் பெயர் கேள்வியில் இருந்தால் மட்டும் கதை வேறு.

இனி நான் எல்லோரிடமும் சொல்லிச் சலித்த எச்சரிக்கை. ஒரே வரியில் கேள்வியும் ஒரே சொல்லில் பதிலுமாக நகலெடுத்து விற்கப்படும் வினா வங்கிகளை ஆதாரமாக இணைக்காதீர்கள். ஒருவர் செய்த பிழையை நான்கு பேர் படியெடுத்தால் அது நான்கு சான்றாகிவிடாது. "ஆட்சேபனை எழுதித் தருகிறோம், மதிப்பெண் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் பயிற்சிக்காரர்களை அண்டவிடாதீர்கள். அவர்கள் தரும் மனு, பெயரை மட்டும் மாற்றி எல்லாப் போட்டிகளுக்கும் போகும் ஒரே தாள்தான். மூல நூலின் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் குறித்த அத்தியாயங்களை அச்செடுத்து, ஒன்பதாம் அத்தியாயத்தையும் மறைக்காமல் சேர்த்துக் கொடுங்கள். சாதகமற்ற பக்கத்தை நீங்களே முன்வைத்துவிட்டால் எதிர்வாதத்துக்கு வலுவிருக்காது.

மாணவியிடம் நூல், பதிப்பு, பக்க எண் எல்லாம் கேட்கும் இந்த ஏற்பாட்டில், விடைக்குறிப்புக்கு மட்டும் ஆதாரம் காட்ட வேண்டியதில்லை என்பதும், கேள்வி தயாரித்தவரே பெரும்பாலும் மேல்முறையீட்டையும் பார்க்கிறார் என்பதும் எனக்குப் புரியவே இல்லை. கதையிலும் இதே இழுத்தடிப்புதான்: புத்தாண்டு நாளில் வாளை உருவிய பையன் பிறகு ஒவ்வொரு திருநாளிலும் உருவிக் காட்டியும், பிரபுக்கள் முடிவை ஈஸ்டருக்கும் அதிலிருந்து பெந்தெகொஸ்தேவுக்கும் தள்ளிப் போட்டார்கள். கடைசியில் பொதுமக்கள் கூச்சலிட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

மனுவில் இவ்வளவு போதும்: "எந்த நூலின்படி என்று வினாவில் குறிப்பிடவில்லை. மாலரியின் நூலில் எக்ஸ்காலிபர் ஏரியில் கிடைத்த வாளின் பெயராகவும் வருவதால், இரு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கவோ வினாவை நீக்கவோ கோருகிறேன்." அதன் கீழே, ஆட்சேபனை ஏற்கப்பட்டால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி தனியாக எழுதி, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.